மங்கு உரிந்த வாரம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு ஒரு தண்டனை உண்டு. வாடிக்கையாளர் ஃபிரேமை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடியைப் பார்க்கும்போது, பின்னால் நிற்கிற அவள் முகமும் அதிலேயே தெரியும். ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்தால் நாற்பது தடவை. அக்கா பத்தொன்பது வருஷமாக அப்படி நின்றாள். யாருக்கு அக்கா என்று கேட்க வேண்டாம், கடையில் எல்லாருமே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளிக்கு அறுபத்திரண்டு வயது, அவளுக்கு நாற்பத்து நான்கு. அவரும் கூச்சமே இல்லாமல் அக்கா என்பார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

மங்கு வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. முதலில் வலது கன்னத்தில் கட்டைவிரல் அகலத்துக்குப் பழுப்பாக ஏதோ தெரிந்தது. வெயில் கறுப்பு, தானாகப் போய்விடும் என்று விட்டுவிட்டாள். அது போகிற ஜாதியாக இல்லை. இடது கன்னத்துக்கும் வந்து, மூக்குத்தண்டின் மேல் ஏறி, இரண்டு பக்கமும் கைகோத்துக்கொண்டது. யார் யார் எதை எதைச் சொன்னார்களோ அதையெல்லாம் பூசிப் பார்த்தாள். தலையணை உறை பாழானதுதான் மிச்சம். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்தப் பேச்சு வந்து, அலைக்கழித்து, ஓய்ந்துபோன பிறகுதான் மங்கு வந்தது. அதனால் அந்தப் பழியை மங்கின் தலையில் கட்டவும் வழியில்லை.

ஒரு நாள் கடைக்கு ஒரு பெண்மணி வந்தாள். நல்ல உடுப்பு, நல்ல படிப்பு, பேச்சிலேயே தெரிந்தது. காதோரம் ஃபிரேமின் கம்பியைச் சரிசெய்ய அக்கா குனிந்தபோது தலையை வெடுக்கென்று விலக்கிக்கொண்டு, இது ஒட்டுவாரொட்டியா என்று கேட்டாள். கேட்டது அக்காவை அல்ல, முதலாளியை. அக்கா அங்கேயே குத்துக்கல்லாட்டம் நிற்கும்போதே. முதலாளி இல்லை என்றுதான் சொன்னார், பாவம். ஆனால் மறுநாள் காலை, ரிப்பேர் மேசைக்குப் பொறுமையான ஆள் தேவைப்படுகிறது என்று சொல்லி அக்காவைப் பின்னறைக்கு மாற்றினார். தளர்ந்த திருகாணியை முடுக்குவது, மூக்குத்தாங்கி மாற்றுவது, வளைந்த கம்பியை நிமிர்த்துவது. அந்த அறையில் ஒரு டியூப்லைட்டும் ஒரு மேசை விளக்கும் இருந்தன. பார்க்கத்தான் ஒரு முகம்கூடக் கிடையாது.

இதெல்லாம் பட்டுத்தான் அவள் தோல் டாக்டரிடம் போனாள் என்று நினைப்பீர்கள். அதுவும் உண்டு. ஆனால் பெரிய காரணம் வேறு. அக்கா தனியாக ஒரு மாடியறையில் இருந்தாள். அப்பா நகரத்தின் மறுகோடியில் தம்பி வீட்டில் இருந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணிக்கு அப்பா முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். அம்மா போன பிறகு பதினொரு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. அப்பா பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிஷம் தாமதமாக வருகிறவனை அவர் மனுஷனாகவே சேர்க்கமாட்டார். தம்பி அந்த விஷயத்தில் எப்போதோ அவருடைய பட்டியலிலிருந்து தள்ளுபடி. "என் பொண்ணு சொன்னா சொன்னதுதான்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வார். அப்படிப்பட்டவர் முன்னால், இரண்டு வருஷமாக அக்கா ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்தாள். முகத்தில் வெளிச்சம் விழாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வாள். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

தோல் டாக்டர் வயதில் சின்னவள், பேச்சில் கறார். கெமிக்கல் பீல் என்றால் என்னவென்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். ஆசிட்தான் பூசுவது. மேல்தோல் வெந்து உரிந்து, அடியிலிருந்து புதுத்தோல் வரும். அதற்கு முன்னால் இரண்டு வாரம் இரவில் ஒரு களிம்பு போட்டுத் தோலைத் தயார் செய்ய வேண்டும், காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். உதட்டோரம் கொப்புளம் வருவதுண்டா, பருவுக்கு மாத்திரை சாப்பிட்டதுண்டா, காயம் ஆறினால் தழும்பு தடிக்குமா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு நாள்வாரியாகச் சொன்னாள். முதல் நாள் எரிச்சல், சிவப்பு. இரண்டாம் நாள் தோல் இறுகிக் கறுக்கும், கண்ணாடியைப் பார்த்தால் பயமாக இருக்கும். மூன்றாம் நாள் வாயோரத்தில் உரிய ஆரம்பிக்கும். நான்கும் ஐந்தும்தான் மோசம், யார் கண்ணிலும் படாமல் இருப்பது நல்லது. உரிகிற தோலை எக்காரணம் கொண்டும் பிய்க்கக் கூடாது, அது தானாக விழ வேண்டும். ஏழாம் நாள் அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் இருக்கும்.

"கழுவித் துடைச்ச மாதிரி போயிடும்னு நினைச்சு வராதீங்க" என்றாள் டாக்டர். "பாதி போனாலே பெரிசு. வெயில்ல நின்னா திரும்ப வந்துடும். நம்ம மாதிரி நிறத்துக்குச் சில சமயம் முன்னைவிடக் கறுத்தும் போகலாம். இதுக்கெல்லாம் சரின்னா கையெழுத்துப் போடுங்க."

அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். என்றைக்கு ஒருத்தர் முன்னால் வெளிச்சத்தில் உட்காரலாம்? ஏழாம் நாள், வெயிலாக இல்லாமல் இருந்தால் சரி என்றாள் டாக்டர். அக்கா அங்கேயே விரல்விட்டு எண்ணிவிட்டாள். திங்கட்கிழமை பூசிக்கொண்டால் ஏழாம் நாள் ஞாயிறு. ஒரு ஞாயிறும் தவறாது. கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மிச்சமிருந்தது இடையில் வரும் ஆறு நாள்தான். தம்பி திடீரென்று வந்து நிற்பவன். தம்பி மனைவி, ஏதாவது கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் எட்டிப் பார்ப்பவள். அப்பாவுக்குத் தெரிந்தால், இந்த வயதில் முகத்தில் ஆசிட் ஊற்றிக்கொண்டாயா என்று தலையில் அடித்துக்கொள்வார். அதனால் முந்தின ஞாயிறு அப்பாவிடம் ஒரு பொய் சொன்னாள். லென்ஸ் கம்பெனி வெளியூரில் ஒரு வாரம் பயிற்சி வைத்திருக்கிறது, கடையிலிருந்து தன்னைத்தான் அனுப்புகிறார்கள், அடுத்த ஞாயிறு காலை பஸ்ஸில் இறங்கி நேரே இங்கேதான் வருவேன் என்றாள். அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. எத்தனை மணி பஸ், எந்த வழியாகப் போகிறது, நடுவில் எங்கே நிற்கும் என்று குடைந்தார். அதற்கும் அவள் பொய் சொன்னாள். அவரிடம் அவள் சொன்ன முதல் பொய் அது என்பது அவளுக்கே அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை காலை கிளினிக்கில் தலைமுடியை வலைத்தொப்பிக்குள் திணித்தார்கள். ஸ்பிரிட் போன்ற ஒன்றால் முகத்தை மூன்று முறை துடைத்து எண்ணெய்ப்பசையை எடுத்தார்கள். கண்ணோரத்திலும் மூக்கின் மடிப்பிலும் உதட்டிலும் களிம்பு தடவினார்கள், அங்கெல்லாம் ஆசிட் தேங்கிவிடக் கூடாதாம். டாக்டர் துணிச்சுருளை நனைத்து நெற்றியில் ஆரம்பித்துக் கீழே வந்தாள். உதவிக்கு நின்ற பெண் கையளவு விசிறி ஒன்றை முகத்துக்கு நேரே பிடித்தாள். முதலில் சில்லென்று இருந்தது. அப்புறம் முகம் முழுக்க மிளகாயை அரைத்து அப்பியது போல் எரிந்தது. அக்கா படுக்கையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஓதம் ஏறிய சுவரில் உப்புப் பூப்பதுபோல் கன்னத்தில் வெள்ளை பூத்தது. நன்றாகப் பிடித்திருக்கிறது என்று டாக்டர் திருப்தியாகச் சொன்னாள். ஐந்து நிமிஷத்தில் எரிச்சல் அடங்கியது. முக்காடு போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்து மாடியேறி, திரையை இழுத்துவிட்டு, கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

டாக்டர் சொன்னது சொன்னபடி நடந்தது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை முகம் இறுகி, வாயைத் திறந்து சோறு சாப்பிட முடியவில்லை. மங்கு இருந்த இடமெல்லாம் தீய்ந்த பால் நிறத்துக்கு வந்தது. புதன்கிழமை காலை வாயோரத்தில் தோல் தூக்கிக்கொண்டது. கை அதன் மேல் போகாமல் இருக்க ஒரு பழைய சட்டையில் பொத்தான் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணிக்குத் தம்பி போன் செய்தான்.

அப்பாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சலும் சளியும் இருந்திருக்கிறது. மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால், நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை, பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வராதே என்று தம்பி சொன்னான். அவன் அப்படி அக்கறையாகச் சொன்னதுதான் அவளைச் சுட்டது. ஆஸ்பத்திரி அவள் அறையிலிருந்து நாற்பது நிமிஷம். அந்த நிமிஷமே, நான் ஊரில்தான் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் அவன் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டான்.

அப்பாவின் குரல் இளைத்திருந்தது. வீடியோவில் வா, முகத்தைக் காட்டு என்றார். அக்கா சிக்னல் இல்லை என்றாள். வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டார். நன்றாகப் போகிறது என்றாள்.

"ஞாயித்துக்கிழமை வந்துருவல்ல?"

"வந்துருவேம்ப்பா. சனிக்கிழமை ராத்திரி பஸ், காலைல இறங்கிருவேன்."

"சரி. அதுவரைக்கும் நான் எங்கயும் போகமாட்டேன்" என்று சொல்லி இருமிக்கொண்டே சிரித்தார்.

போனை வைத்த பிறகு அக்கா முக்காட்டுத் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கிளம்பு என்று ஒரு மனசு சொன்னது. காய்ச்சல்தானே, நாலு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்று இன்னொரு மனசு சொன்னது. இரண்டாவது மனசுக்குத்தான் எப்போதும் வாய் ஜாஸ்தி. அவளைத் திட்டுவது சுலபம். நாமாக இருந்தால் அந்த முகத்தோடு வெளியே போயிருப்போமா என்று யோசித்துவிட்டுத் திட்டினால் நன்றாக இருக்கும்.

வியாழக்கிழமை நண்பகலில் தம்பி மறுபடி கூப்பிட்டான். இந்தத் தடவை அவன் குரலில் அக்கறை இல்லை, பயம்தான் இருந்தது. ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள், உடம்பில் உப்பு குறைந்துபோய்ப் புத்தி தடுமாறுகிறது, எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள், எப்படியாவது கிளம்பி வா. அக்கா கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தாள். நெற்றியிலும் கன்னத்திலும் தோல் சுவரொட்டி மாதிரிக் கிழிந்து தொங்கியது. கண் இரண்டும் வீங்கியிருந்தன. தாடையோரம் ஆடிக்கொண்டிருந்த ஒரு துண்டைப் பிடித்து இழுத்தாள். அது லேசில் விடவில்லை, பச்சைச் சதையோடு வந்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, முகமூடி போட்டு, முக்காடு போட்டுக் கிளம்பினாள்.

வார்டு வாசலில் தம்பி அவளைப் பார்த்ததும் முதலில் முகத்தைக் கவனிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவன் போன் செய்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் போயிருப்பதாகச் சொன்ன ஊர் எட்டு மணி நேரத் தூரம்.

"நீ இங்கயேதான் இருந்தியா?" என்றான்.

அவள் முகமூடியை இறக்கிக் காட்டினாள். தம்பி மனைவி, ஐயோ என்னக்கா இது என்று பதறி, விஷயம் தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டாள். தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். அவன் கத்தியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நேற்று முழுக்க அவர் உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார், நேற்று தெளிவாக இருந்தார் என்று மட்டும் சொன்னான்.

அப்பா தலையணையில் சாய்ந்து, மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். கண் திறந்துதான் இருந்தது. தம்பி குனிந்து, அப்பா, அக்கா வந்திருக்கு பாருங்க என்றான். அவர் நிதானமாகத் திரும்பி, உரிந்து தொங்கிய அந்த முகத்தை மேலிருந்து கீழே வரை பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"இன்னைக்கு வியாழன். அவ ஞாயித்துக்கிழமைன்னு சொல்லியிருக்கா. அவ எப்படிடா இங்க இருப்பா?"

நான்தாம்ப்பா என்று அக்கா கையைப் பிடித்தாள். பயிற்சிக்குப் போகவில்லை, பொய் சொல்லிவிட்டேன் என்றாள். அவர் கையை உருவிக்கொண்டார். என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா என்றார். அப்புறம் அவருக்கு ஏதோ சந்தேகம் தட்டியது. நான் சாகப்போகிறேன் என்று யாரையோ கூட்டிவந்து ஏமாற்றுகிறீர்களா என்று கேட்டு எழுந்திருக்கப் பார்த்தார். குழாயைப் பிடுங்கினார். மூச்சு இரைத்தது, உதடு நீலம் பாய்ந்தது. நர்ஸ் ஓடிவந்து எல்லாரையும் விலக்கிவிட்டு, குழாயைத் திரும்பப் பொருத்தி, தோளைத் தட்டிக்கொடுத்து அடக்கினாள். கட்டை குட்டையாக, வாயாடியாக இருந்த அந்த நர்ஸ் அக்காவை வெளியே தள்ளிக்கொண்டு வந்து சொன்னாள்.

"வாதாடாதீங்க. அவரு என்ன நினைக்கிறாரோ அதோடயே போங்க. இன்னொரு தடவை இப்படி எகிறினா இந்த நெஞ்சு தாங்காது."

அதனால் அக்கா நர்ஸ் ஆனாள். வெள்ளை அங்கி வேண்டியிருக்கவில்லை. அரைமணி கழித்து உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள், யாரும்மா என்று அவர் கேட்டார், நர்ஸுங்க ஐயா என்று சொன்னாள். அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து அப்பா என்று கூப்பிட்ட வாய் அது. ஐயா என்று சொல்லும்போது நாக்கு புரளவில்லை. அவர் சமாதானமாகித் தண்ணீர் கேட்டார்.

அன்று மாலையும் வெள்ளிக்கிழமை முழுவதும் அவள் அங்கேயே இருந்தாள். முகமூடி தாடைப் புண்ணில் உரசி ரணமானதால் கழற்றிவிட்டாள். கரண்டியால் கஞ்சி ஊட்டினாள், முதுகைத் துடைத்தாள், சிறுநீர்ப் பையை மாற்ற நர்ஸுக்கு உதவினாள். ஒரு தடவை குனிந்தபோது நெற்றியிலிருந்து ஒரு தோல்சுருள் அவர் போர்வை மேல் விழுந்தது. அவள் அதை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். அவர் பார்த்துவிட்டார். என்னம்மா முகத்தில், தீப்பட்டதா என்று கேட்டார். ஆமாங்க என்றாள். வலிக்குதா என்றார். இல்லைங்க என்றாள். பாவம், இதோடு வேலைக்கு வேறு வர வேண்டியிருக்கிறது என்று அவர் பெருமூச்சு விட்டார்.

நர்ஸிடம் அவர் நிறையப் பேசினார். மகளிடம் பதினொரு வருஷ ஞாயிறுகளில் அவ்வளவு பேசியிருப்பாரா தெரியாது. புத்தி ஒரு நேரம் தெளியும், ஒரு நேரம் டெப்போவுக்குப் போய்விடும். எந்த பஸ் தாமதம், எந்த டிரைவர் குடித்துவிட்டு வந்தான் என்று போகும். சுற்றிச் சுற்றி மகளிடமே வந்து நிற்கும். உன் குரல் என் பொண்ணு குரல் மாதிரியே இருக்கும்மா என்றார் வெள்ளிக்கிழமை மத்தியானம். அக்கா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவளுக்கு முகத்துல மங்கு விழுந்துருச்சு. நான் ஒரு மடையன். ஒரு நாள் நல்ல வெளிச்சத்துல பார்த்துட்டு, என்னடி இது மூஞ்சி இப்படி ஆயிருச்சு, கண்ணாடியே பார்க்கறதில்லையான்னு கேட்டுட்டேன். அதுலேர்ந்து என் முன்னாடி ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உக்காருவா. ரெண்டு வருஷமா அவ முகத்தை நான் சரியா பார்க்கல."

சொல்லியிருக்கலாமே ஐயா என்றாள் அக்கா. என்னவென்று சொல்வது, அவள் முன்னால் போனால் வாய் வரமாட்டேன் என்கிறது என்றார் அவர். ஞாயித்துக்கிழமை வரட்டும், சொல்லிவிடுகிறேன் என்றார். அக்கா எழுந்து கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கண்ணீர் பட்ட இடமெல்லாம் பச்சைத்தோல் காந்தியது. அழக்கூட லாயக்கில்லாத முகமாகப் போய்விட்டது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பியிடம் இதைச் சொன்னாள். அவன் வியாழனுக்குப் பிறகு அவளோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. இதைக் கேட்டதும் அவள் பக்கம் திரும்பினான்.

"நீ வந்து பக்கத்துலயே உக்காந்திருக்க. அவரு நீ சொன்ன பொய்யைப் பிடிச்சிட்டுத் தொங்கறாரு. நான் என்னக்கா பண்ணட்டும்?" என்றான். பிறகு அவளுக்கு ஒரு டீ வாங்கிவந்து கொடுத்தான். அவள் குடிக்கும்வரை நின்றான்.

சனிக்கிழமை காய்ச்சல் ஏறியது. அப்பா பெரும்பாலும் கண்ணை மூடியே கிடந்தார். பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மருந்து கேட்கவில்லை, வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள் என்று தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அக்காவுக்கு ஒரே ஒரு எண்ணம்தான் மிச்சமிருந்தது. நாளை ஞாயிறு. அவள் வருவதாகச் சொன்ன நாள். நாளைக்கு அவள் உரிந்து முடிந்த தன் முகத்தோடு போய் நின்றால் அவருக்கு மறுக்கக் காரணம் இருக்காது. நாளும் சரியாக இருக்கும், ஆளும் சரியாக இருக்கும். நான்தாம்ப்பா என்றால், வந்துட்டியா என்பார். அவர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வந்தால் போதும், அப்புறம் என்ன ஆனாலும் ஆகட்டும். அவரை ஒரு நாள் தாங்க வைக்கும்படி தனக்குத் தெரிந்த எல்லாரிடமும், தெரியாதவர்களிடமும் மனதுக்குள் கெஞ்சினாள். சாயங்காலம் தம்பி மனைவியை உட்காரவைத்துவிட்டுக் குளித்து வர அறைக்குப் போனாள்.

ஞாயிறு காலை கண்ணாடியைத் திருப்பியபோது டாக்டரின் ஏழாம் நாள் அதில் வந்து நின்றது. உரிய வேண்டியதெல்லாம் உரிந்திருந்தது. நெற்றியும் கன்னமும் இளஞ்சிவப்பாக, குழந்தையின் உள்ளங்காலைப்போல் இருந்தன. அவள் பிய்த்த இடத்தில் மட்டும் தாடையோரம் ஒரு சிவப்புத் திட்டு. மங்கு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பாதி போனாலே பெரிசு என்றாளே டாக்டர், முக்கால்வாசி போயிருந்தது. வேறொரு வாரமாக இருந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பாள். ஞாயிறுகளில் வழக்கமாக உடுத்துகிற நீலப் புடவையை உடுத்தி, தலையை இறுக வாரிக்கொண்டு, சரியாகப் பத்து மணிக்கு வார்டுக்குள் நுழைந்தாள்.

அப்பா விழித்திருந்தார். அந்த வாரத்தில் அவ்வளவு தெளிவாக அவர் கண் இருந்து அவள் பார்க்கவில்லை. அக்கா ஜன்னல் திரையை முழுக்க விலக்கினாள். வெளிச்சம் நேரே தன் முகத்தில் விழும்படி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் வந்துட்டேன்."

அவர் பார்த்தார். அவசரப்படாமல், நெற்றி, கண், இரண்டு கன்னம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். தேடுவது கிடைக்காதவர்போல வலது கன்னத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார். கட்டிலின் கால்மாட்டில் தம்பி மூச்சுவிடாமல் நின்றான்.

"யாரும்மா, புதுசா வந்திருக்கீங்களா?" என்றார் மரியாதையாக. "இத்தனை நாள் ஒரு பொண்ணு இருந்தாங்க. முகமெல்லாம் புண்ணு, பாவம். தங்கமான பொண்ணு. அவங்க இன்னைக்கு வரலையா?"

அவங்களுக்கு இன்றைக்கு லீவு என்று நர்ஸ்தான் மருந்தை ஏற்றிக்கொண்டே சொன்னாள். அவர் ம் என்றார். பிறகு விரலை மடக்கி ஏதோ எண்ண ஆரம்பித்தார். இரண்டாவது விரலிலேயே கணக்குத் தப்பியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு கவலையோடு அக்காவைப் பார்த்தார்.

"இன்னைக்கு என்னம்மா கிழமை?"

தம்பி வாயைத் திறந்தான். அக்கா அவன் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தித் தடுத்தாள். ஞாயிறு என்றால் அவர் வாசலைப் பார்க்கத் தொடங்குவார். பத்து மணி தாண்டும், பதினொன்றாகும், பன்னிரண்டாகும். சொன்னபடி வராதவர்களின் பட்டியலில் அவளையும் சேர்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவார்.

"சனிக்கிழமைங்க ஐயா" என்றாள்.

அவர் முகம் தெளிந்தது. விரல்களை விரித்துப் போர்வை மேல் வைத்துக்கொண்டார்.

"அப்ப நாளைக்கு வந்துருவா" என்றார்.

ஆமாங்க என்றாள் அக்கா. போர்வையை இழுத்து அவர் மார்புவரை மூடினாள். சாயங்காலம் அவர் மறுபடி கேட்டார், தம்பி சனிக்கிழமை என்றான். திங்கட்கிழமை காலை கேட்டார், நர்ஸ் சனிக்கிழமை என்றாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் போகும்வரை அந்த அறையில் சனிக்கிழமைதான்.